தூணில் தடவிய குங்குமம்

ஆகஸ்ட் 4, திங்கள். காலையிலேயே புழுக்கம்.

மிக்ஸி ஜாரின் வாஷர் போய்விட்டது. சட்னி இல்லாத இட்லி. அந்தோணி குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டார். வாத்தியாரைக் கட்டிக்கொண்டதில் இந்த ஒரு சுகம்தான்.

ஆபீஸ் படியில் கால் வைக்க இடமில்லை. கீழே முத்துராஜின் அப்பா நடத்தும் புடவைக்கடை, ஆடித் தள்ளுபடிக் கூட்டம். மாடியில் மகன் நடத்தும் எங்கள் கம்பெனி. வெளிநாட்டு வீடியோ கேம்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிற கூலிப்படை. கீழே புடவை உருவுகிற ஒருத்திக்கும் இது தெரியாது.

முத்துராஜ் கூப்பிட்டார். புது மென்பொருள் வந்திருக்கிறதாம். டிவியில் மாட்டி விளையாடுகிற கன்சோல் பெட்டி படத்தைப் பாதி அளவில் போட்டால் போதும், மிச்சப் புள்ளிகளை அதுவே ஊகித்து நிரப்புமாம். இனி வரப்போகிற விளையாட்டெல்லாம் அதில்தானாம்.

"நல்லா வந்துச்சுன்னா லைட்டிங்குக்கு ரெண்டு பேர் வேண்டாம் மேடம். ஒருத்தர் போதும்."

காட்சிக்கு வெளிச்சம் வைக்கிற லைட்டிங்கில் இருப்பதே இரண்டு பேர். நான், எனக்குக் கீழே சம்பத்.

ஆகஸ்ட் 5, செவ்வாய். மேகம். மழை இல்லை.

சம்பத் அந்த மென்பொருளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறான். ஆதம்பாக்கத்திலிருந்து வருகிறவன். மனைவி நிறைமாதம்.

"அக்கா, செம்மயா கீதுக்கா. கன்சோல் திணறவே மாட்டேங்குது. ஒரு தபா பாருக்கா."

"பாக்குறேன். அதுக்குள்ள நீ பொட்டியக் கட்டி வச்சுக்க. ஒருத்தர்தான் போதுமாம்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு பாதியில் நின்றதைப் பார்க்க நன்றாக இருந்தது.

இந்த வருஷம் முழுக்க நான் செய்த கோவில் பிராகாரக் காட்சியை எந்த மென்பொருள் செய்யும்? சாந்தோமில் ஞானஸ்நானம் வாங்கியவள் நான். ஆனாலும் கபாலி கோவில் தூண்களை என்னளவுக்கு எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். நெற்றிக்கு இட்டது போக மிச்சக் குங்குமத்தைத் தூணில் தடவிவிட்டுப் போகிறார்கள். விரல் விரலாகச் சிவப்பு. அதை அப்படியே வரைந்து, அகல் வெளிச்சம் மேலே படும்படி வைத்திருக்கிறேன். ஊகிக்கிற சங்கதியா இது.

வாங்க: ஜார் வாஷர், நெத்திலி, சட்டைப் பொத்தான்.

ஆகஸ்ட் 6, புதன். வெயில்.

"வெள்ளிக்கிழமை குத்தத்துக்கு இதையே வைங்க" என்று முத்துராஜிடம் நானே கேட்டேன். புடவைக்கடைப் பழக்கம் அது. எந்த நெசவாளர் நெய்தது என்று சொல்லாமல் இரண்டு புடவையை விரிப்பார்கள். சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு குற்றம் சொல்லியே ஆக வேண்டும், பாராட்டக் கூடாது. முத்துராஜ் அதை மாடிக்கும் கொண்டுவந்துவிட்டார். இங்கே பெயரில்லாத இரண்டு படம், பெரிய டிவியில்.

அதில் என்னை அடிக்க ஆளில்லை. தீபாவளி சமயம் சேர்ந்த ஒரு பெண் என் வாயைக் கேட்டுவிட்டு பாத்ரூமில் போய் அழுதாள். இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அதாவது நான் சிரிக்கிறேன், மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

ஏற்பாடு: என் பிராகாரம் ஒரு பக்கம், அதையே மென்பொருளுக்குள் விட்டு எடுத்தது இன்னொரு பக்கம். இரண்டும் கன்சோலில் ஓடும். எது எந்தப் பக்கம் என்பது முத்துராஜுக்கு மட்டும் தெரியும்.

ராத்திரி அந்தோணி: "உன் படம் உனக்குத் தெரியும். அப்புறம் என்ன பரீட்சை?"

"பரீட்சை எனக்கில்ல."

ஆகஸ்ட் 8, வெள்ளி. வரலட்சுமி நோன்பு. பாண்டி பஜார் வரை நெரிசல்.

பூக்காரியிடம் ஒருத்தி: "இன்னாமா, தாழம்பூ இப்டி வாடிக் கீது?" பூக்காரி: "நீ மட்டும் வாடலியா, வெயில்ல நின்னு?" நல்ல வாய். எங்கள் ஆபீஸில் சேர்க்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு டிவி முன்னால் எல்லோரும். வலது படத்தில் குங்குமம் விரல் விரலாக. நான் பெற்றது எனக்குத் தெரியாதா. இடது படத்தில் அதே தூண், சிவப்பெல்லாம் கலங்கி ஒரே சேறு. முதல் ஆளாக எழுந்தேன்.

"இத பண்ணதுக்குக் கண்ணே கெடையாது. தூணா இது? வெத்தல துப்புன செவுரு. அகல் எரியுற எடமா, டியூப்லைட் போன கக்கூஸா? இத வெளிய காட்டுனா நம்மள காறித் துப்புவாங்க."

சிரிப்பு. இன்னும் சொன்னேன். இன்னும் சிரிப்பு.

சம்பத்தின் முறை. "இடது படத்துக்கு நான் குத்தம் சொல்லல சார்."

"சொல்லியாகணும்ல, அதான வழக்கம்" என்றார் முத்துராஜ்.

"வாணாம் சார். யார் கைன்னு தெரியுது."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மெஷின் பக்தன் மெஷினுக்குப் பரிந்து பேசுகிறான் என்றுதான் நினைத்தேன்.

முத்துராஜ் விடையைச் சொன்னார். இடது, என் கை. வலது, மென்பொருள்.

என் காட்சியை நான் எப்போதும் என் மேஜைக் கணினியில்தான் பார்ப்பேன். கன்சோலில் ஓட்டிப் பார்ப்பது கீழே இருக்கிறவன் வேலை, சம்பத் வேலை. என் கணினியின் பலம் கன்சோலுக்கு இல்லை, அங்கே அது இப்படித்தான் கலங்கிக் கிடந்திருக்கிறது. என் குங்குமத்தை அந்தச் சனியன் என்னைவிடச் சுத்தமாகத் தடவியிருக்கிறது.

முத்துராஜ்: "மேடமே சொல்லிட்டீங்க. இனி நான் யோசிக்க என்ன இருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. வெயில்.

பூசையில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. நெத்திலி கிடைத்தது, கருக்கிவிட்டேன்.

சம்பத்திடமிருந்து குரல் பதிவு. "அக்கா, மன்சுல வச்சுக்காதக்கா. நான் தெனம் கன்சோல்ல பாக்கறதால தெரிஞ்சிது. கலங்கினாலும் அது உன் தூணுதான்க்கா. சாஃப்ட்வேர்து சுத்தமா கீது, அவ்ளோதான்."

என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். கன்சோலில் கலங்குகிறது என்று முன்பே ஏன் சொல்லவில்லை என்று நினைத்துப் பார்த்தேன். போன மாதம் சொல்ல வந்தான். "உன் வேலை ஓட்டுறது, வாய மூடிக்கிட்டு ஓட்டு" என்றது நான்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள். புழுக்கம்.

முத்துராஜ் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "மென்பொருள யார் வேணாலும் ஓட்டலாம். லீட் நீங்க. யார் இருக்கணும்னு நீங்களே சொல்லிருங்க."

"சம்பத் போகட்டும்."

"வீட்ல பிரசவம் வருதுல்லா மேடம்?"

"அதுக்கு நான் என்ன பண்றது?"

இதை யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். வேலைக்காக மட்டும் இல்லை. என் கை எனக்கே தெரியாமல் போனதைப் பார்த்தவன் தினமும் என் எதிரில் உட்காரக் கூடாது. அதுவும் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு.

அந்தோணியிடம் சொன்னேன். "அந்தப் பையனையா?" என்றார். பிறகு விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன். மதியம் மழை.

சம்பத்துக்குக் கடைசி நாள். டப்பா, சார்ஜர், குடை. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது: "மொதலாளி முடிவு. அக்கா பாவம், அது இன்னா பண்ணும்?"

திருத்தவில்லை.

போகும்போது என் மேஜைக்கு வந்தான். "அக்கா, உன் கையால பண்ண அந்தப் பழைய தூண் சீன் ஒரு காப்பி எடுத்துக்கவா? சும்மா, வச்சுக்கத்தான்."

"அழிச்சிட்டேன்."

டப்பாவைக் கக்கத்தில் இடுக்கினான். "பரவால்லக்கா" என்றான். படி இறங்கினான். புடவைக் கூட்டத்தைத் தாண்டித் தெருவில் குடை விரிக்கிற வரைக்கும் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அழித்தேன்.