விறையனும் வடக்கயிறும்

17.03.2025
வாழைக்குத் தண்ணி கட்டிப்போட்டு வர மூச்சு வாங்கிச்சு. கிளினிக்கிலை பிரசர் பாத்தினம். மேலே 168, கீழே 72. ரெண்டையும் கூட்டி ரெண்டாலை பிரிச்சன். 120. நல்ல பிரசர்தானே? தாதிப் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பாத்துது. வியாழன் டொக்டரிட்டை வரட்டாம்.

20.03.2025
டொக்டர் என்ரை மகள் வயசு. "ஐயா, கனகாலம் வெயில்லை கிடந்த தண்ணி ஹோஸ் எப்பிடி இருக்கும்?"
"விறைச்சுப் போம் பிள்ளை. தண்ணி மெசின் அடிக்கத் துள்ளும்."
"வயசு போக ரத்தக்குழாயும் அப்பிடித்தான். புதுக்குழாய் ஒவ்வொரு அடிக்கும் விரிஞ்சு குடுக்கும். உங்கடையது குடுக்காது. அதுதான் மேல் இலக்கம் ஏறுது, கீழ் இலக்கம் ஏறேல்லை. அதுக்கு எதிராய்த் தள்ளித் தள்ளி இதயமும் இறுகுது."
குளிசை, உப்புக் குறைப்பு, நடை. மூச்சை அடக்கிப் பாரம் இழுக்கவே கூடாதாம்.
வெளியிலை வந்து மனுசி ஞானாம்பிகை சொன்னாள்: "உங்களை விறையன், விறைச்ச மண்டை எண்டு நான் முப்பது வருசமாய்ச் சொல்லுறன். டொக்டருக்கு இண்டைக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

21.03.2025
உப்பில்லாத புளிக்கறி. கருவாட்டுப் போத்தலைக் காணேல்லை.

04.04.2025
வாசிகசாலைத் தலைவர் சிவசுப்பிரமணியம் அண்ணை வந்தார். வருசப்பிறப்பு விளையாட்டிலை கயிறிழுத்தல், கலியாணம் முடிச்ச ஆக்களும் முடிக்காத ஆக்களும். எங்கடை பக்கம் கடைசியிலை கயிற்றை இடுப்பிலை சுத்திக்கொண்டு நிக்கிறது எப்பவும் நான்தான். என்ரை பாரத்துக்குத் தந்த பதவி, கெட்டித்தனத்துக்கு இல்லை.
"நீ இல்லாட்டி நாங்கள் வைக்கோல் கட்டு, அருளம்பலம்."
ஓம் எண்டு போட்டன். ஏன் சொன்னன்? உடம்பிலை விறைக்காதது வாய் மட்டும்தான்.

13.04.2025
மகன் ஜெயரூபனுக்குத் தெரிஞ்சு போச்சு. தாய்தான் சொல்லியிருப்பாள். எதிர்ப்பக்கத்துக் கடைசி ஆள் அவன்.
"அப்பா, இந்த முறை விடுங்கோ."
"விட்டால் நீங்கள் வெல்லுவியள்."
"வெல்லட்டுமன்."
"அதுதான் ஏலாது."
அவன் சிரிக்கேல்லை. ஆவணியிலை எனக்குக் கலியாணம் எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போனான்.
அந்தக் கலியாணத்துக்கு நான் சுவரிலை மாலையோடை தொங்கிக்கொண்டு நிக்கிறதோ? பயமாத்தான் கிடக்கு. ஆனால் ஊருக்கு முன்னாலை எப்பிடி ஏலாது எண்டு சொல்லுறது?

19.04.2025
கயிற்றைக் கையிலை எடுத்தாச்சு. சனம் கத்துது. இடுப்பிலை சுத்தப் போக நெஞ்சு ஒருக்கால் துள்ளிச்சு — அந்தப் பழைய ஹோஸ் மாதிரியே. எதிரிலை பாத்தன். ஜெயரூபன் கயிற்றைத் தொடாமல் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். முகம் வெளிறிப் போச்சு.
அப்பதான் மூளை வேலை செய்தது.
"அண்ணை, உவன் அங்கை நிக்கேலாது," எண்டன். "மாசியிலை உவனுக்குக் கலியாண எழுத்து முடிஞ்சுது. சட்டப்படி கலியாணம் முடிச்சவன்."
முடிக்காத பெடியள் விடேல்லை. "தாலி கட்டேல்லை! சாப்பாடு போடேல்லை!"
அண்ணை தலையைச் சொறிஞ்சார். பிறகு இணுவிலிலை இருந்து பாக்க வந்திருந்த எங்கடை மருமகளைக் கேட்டார். "பிள்ளை சுபாஜினி, உவன் ஆர் உனக்கு?"
அவள் குனிஞ்சுகொண்டு, "என்ரை மனுசன்," எண்டாள்.
பிறகென்ன. விசிலும் கூச்சலும். ஜெயரூபன் இஞ்சாலை, என்ரை இடத்துக்கு வந்தான். நானே அவன்ரை இடுப்பிலை கயிற்றைச் சுத்தி விட்டன். காதுக்குள்ளை, "காலை அகட்டி ஊண்டு, மூச்சை அடக்காதை," எண்டன்.
"அடக்காமல் எப்பிடி இழுக்கிறது அப்பா?"
உண்மைதான். அவனுக்குப் புதுக்குழாய், அடக்கலாம்.
நாங்கள்தான் வெண்டம். பெடியள் இன்னும் முறைப்பாடு.

20.04.2025
கத்தினதிலை தொண்டை கட்டிப் போச்சு.

31.08.2025
ரெண்டு நாளைக்கு முந்தித் தாலிகட்டு. இப்ப பெடியளும் ஒத்துக்கொண்டினம். இண்டைக்குப் படங்கள் வந்தது. எல்லாத்திலையும் வயிறும் பல்லுமாய் நான் நிக்கிறன்.
போன கிழமை கிளினிக்கிலை 138, 74. கூட்டிப் பிரிக்கேல்லை. விறைச்சது முழுக்க இளகாதாம், ஆனால் குளிசைக்கும் நடைக்கும் பிரசர் கேட்குதாம்.
வாசலிலை செருப்புச் சத்தம். "விறையனார், நடக்க வாறியளோ?"
வாறன்.