இரண்டு நிமிட போனில் சொல்லாதது

மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
ஆகஸ்ட் 12

அன்புள்ள மகன் பாலுவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் நான்கு பேரும் நலம். நான்கு என்று எழுதியதிலேயே உனக்குப் பாதி செய்தி தெரிந்திருக்கும். நீயும் நல்லபடியாக இருக்க வேண்டும். உன் கப்பலில் ஏறப்போகும் ரெஜிஸ் நாளைக் காலை கிளம்புவதாகச் சொன்னதால் அவர் கையில் கொடுத்தனுப்ப இதை எழுதுகிறேன். கப்பல் போனில் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் குழந்தைக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது, நன்றாக இருக்கிறாள் என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. நடந்தது முழுவதும் உனக்குத் தெரிய வேண்டும், அதில் நான் செய்த தப்பும் உண்டு.

குழந்தை பிறந்த மறுநாள் காலை நர்ஸ் வந்து அதன் காலில் சின்னக் கருவி ஒன்றை மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்த்தார். கருவி கெட்டுவிட்டதோ என்று வேறொன்றைக் கொண்டுவந்து மறுபடி பார்த்தார். அடுத்த கால் மணியில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உதடும் நகமும் நீலமாக இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், குளிருக்கு என்று நினைத்துவிட்டோம். சாயங்காலம் டாக்டரம்மா ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறி முளைத்திருக்கின்றன, அதனால் நல்ல ரத்தம் உடம்புக்குப் போகாமல் நுரையீரலுக்கே திரும்பிப் போகிறது, இப்போதைக்கு மருந்து ஏற்றி வைத்திருக்கிறோம், பத்து நாளுக்குள் ஆபரேஷன் செய்து குழாய்களை மாற்றி வைக்க வேண்டும் என்றார்.

அந்த நேரத்தில்தான் வராந்தாவில் நின்றுகொண்டு நான் அறிவுமதியைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னேன். "எட்டாம் மாசம் வரைக்கும் ஸ்கூட்டியில வேலைக்குப் போகாதம்மான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று. வயிறு அறுத்து ஒன்றரை நாள் ஆன பெண்ணிடம், நாலு பேர் கேட்கும்படி. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா காதில் விழுந்திருக்கிறது. திரும்பி வந்து என்னிடம், "ஐயா, இது யார் என்ன செஞ்சதாலயும் வர்றது இல்லைங்க. ரெண்டாவது மாசத்துலயே இப்படி உருவாயிடுது. அப்ப உங்க மருமகளுக்கே சரியாத் தெரிஞ்சிருக்காது" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறேன், ஒரு தடவை கூட இப்படிக் கூசியதில்லை. அதற்கப்புறம் இரண்டு நாள் அவளுக்குப் பால் சுரக்கவில்லை. உன் அம்மா என்னோடு பேசவில்லை.

ஆபரேஷன் ஒன்பதாம் நாள். கையெழுத்து வாங்க வந்தவர் குழந்தையின் அப்பா எங்கே என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அறிவுமதி, "அவங்க கடல்ல இருக்காங்க. குடுங்க, நான் போடுறேன்" என்று வாங்கி, எல்லாப் பக்கத்தையும் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், மூன்று மணிக்குத்தான் கதவு திறந்தது. அந்த ஏழு மணி நேரத்தில் ஒரு சமயம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். "அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா" என்றேன். அவள், "நீங்க ஒரு தடவைதான் கேட்டீங்க மாமா. நான் என்னையே அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு, நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று, போய்ச் சாப்பிட்டு வரச் சொன்னாள். இட்லி வாங்கினேன், பிரிக்காமலே பொட்டலத்தோடு திரும்பி வந்தேன்.

ஆபரேஷன் முடிந்தும் வீக்கத்துக்காக நெஞ்சைத் தைக்காமல் மேலே ஓர் உறை மட்டும் போட்டு இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நான் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்தேன், உன் அம்மாவைப் பார்க்க விடவில்லை. ஆடிப் பதினெட்டு அன்று காலை மூச்சுக்காகப் போட்டிருந்த தொண்டைக் குழாயை எடுத்துவிட்டதாகவும் பன்னிரண்டு மணிக்கு முதல் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றும் போன் வந்தது. அறிவுமதி வீட்டிலேயே பாலை எடுத்து வைத்திருந்தாள். ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு கலீம் ஆட்டோவில் கிளம்பினால், அம்மாமண்டபம் படித்துறைக்கு வந்த கூட்டத்தில் பாலத்துக்கு முன்னாலேயே எல்லாம் நின்றுவிட்டது. கலீம், "இது இப்ப நகராதுங்க, நீங்க நடந்துடுங்க" என்றார். காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்க்கக்கூட இல்லை, டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பாலம் முழுவதும் நடந்து அந்தப் பக்கம் பஸ் பிடித்தேன். பதினொன்றே முக்காலுக்குக் கொடுத்துவிட்டேன். மூக்குக் குழாய் வழியாக ஐந்து மில்லி கொடுத்தார்கள். அவ்வளவுதான். அது வயிற்றில் நின்றது என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

முந்தாநாள் முதன்முறையாகக் குழந்தை அறிவுமதியிடமே பால் குடித்தாள். ஐந்து நிமிடத்தில் களைத்துத் தூங்கிவிடுகிறாள், மீதியைக் குழாயில் கொடுக்கிறார்கள். நகம் இப்போது ரோஜா நிறம். வெள்ளிக்கிழமை வாக்கில் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். பெரியவளாகும் வரை அவ்வப்போது இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், வேறு ஆபரேஷனே வராது என்று இப்போதே சொல்ல மாட்டோம், ஆனால் மற்றக் குழந்தைகள் மாதிரி ஓடி விளையாடுவாள் என்று டாக்டரம்மா சொன்னார். சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் இன்னும் அறிவுமதியின் குழந்தை என்றுதான் எழுதி ஒட்டியிருக்கிறது. பெயரை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள், நாங்கள் தலையிட மாட்டோம்.

ஊருக்கு அனுப்பவில்லை என்று கேப்டனிடம் சண்டை போடாதே. தூக்கக் கலக்கத்தில் இன்ஜின் அறையில் இறங்காதே. உன் அம்மா ரெஜிஸிடம் பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கொடுத்திருக்கிறாள், நேரத்துக்குச் சாப்பிடு. ரங்கநாதர் உன்னைக் கடலில் காப்பாற்றிக் கரை சேர்க்கட்டும், உன் குடும்பம் குறைவில்லாமல் இருக்கட்டும்.

ஒன்று மறக்காதே. கரையில் சிக்னல் கிடைத்ததும் அறிவுமதியைக் கூப்பிடு. குழந்தையை அப்புறம் விசாரி. நேற்று ஆஸ்பத்திரிப் படியில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல் இன்னும் வலிக்கிறதா என்று இருபத்து மூன்று நாளாக அவளை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. நீ அதை முதலில் கேள்.

இப்படிக்கு
உன் அப்பா
முருகானந்தம்