கம்ப்யூட்டரில் நட்ட கருவேலங்காடு

என் உயிரான அண்ணனுக்கு,

திருச்சுழி வட்டாரப் பொதுமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், உன் தம்பிக்கு மீசை முளைத்துவிட்டது. இடது பக்கம் மட்டும். வலது பக்கம் பரிசீலனையில் உள்ளது.

அடுத்த செய்தி. மதுரையில் எங்க பல்கலைக்கழகத்தில் இந்த வருஷம் புதுசா ஒரு பாடம் வச்சிருக்காங்க. பாதி இயற்பியல், பாதி கம்ப்யூட்டர். பேரு 'சிக்கலான அமைப்புகள்'. அமைப்பே இல்லாத சிக்கல் நான் ஒருத்தன்தான்னு வகுப்பில் சொன்னேன். சார் சிரிச்சுட்டார்.

சிரிச்ச மனுஷன்தான் காடு எரியுற மாதிரி ஒரு புரோகிராம் எழுதச் சொல்லி என்னை மாட்டிவிட்டார். திரை முழுக்கக் கட்டம் கட்டமா இருக்கும். சில கட்டத்தில் மரம், மத்தது வெறும் தரை. ஒரு ஓரத்தில் தீ வைக்கணும். பக்கத்துக் கட்டத்தில் மரம் இருந்தாத்தான் தீ தாவும். மரம் தள்ளித் தள்ளி இருந்தா கொஞ்ச தூரத்திலேயே அணைஞ்சிரும். ஒரு அளவு நெருக்கத்தைத் தாண்டிட்டா, எதிர் ஓரம் வரைக்கும் போயிரும். அந்த ரெண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லை. கொஞ்சம் மரம் கூடினால் போதும்.

"உங்க பக்கம் கண்மாய் பூராவும் சீமைக்கருவேலம்தானப்பா? ஊர்ல கேட்டு, நிஜக் கண்மாய் ஒண்ணோட நெருக்கத்தைப் போட்டு ஓட்டிக் காட்டு" என்றார் சார். அவருக்கு உன்னைத் தெரியாது. சித்தப்பா வீட்டு ஆடுகளை ஓட்டிவர நீ எரியுற கண்மாய்க்குள்ள போனதும், ஆடுகள் வெளியே வந்ததும், நீ வராததும் அவருக்குத் தெரியாது.

எனக்குத் தீயைப் பார்க்கப் பயமில்லண்ணே. திரையில் அது வெறும் புள்ளிதான். பயம் வேற. அந்தக் கருவேலத்தை அதுக்கு முந்தின வருஷமே ஏலம் விட்டு வெட்டியிருக்கணும். ஊர்க் கூட்டத்தில் அப்பாதான் எந்திரிச்சு, "இன்னும் ஒரு வருஷம் விடுங்கப்பா, நல்லா நெருங்கட்டும். கரிக்கு விலை போகும்"னு சொன்னாக. எல்லாரும் தலையாட்டினாங்க. யாரும் அதை இப்போ பேசுறதில்லை. அப்பாவும்தான். ஆனா வீட்டைச் சுத்தி ஒரு கருவேலங்கன்னு தலைதூக்க விடமாட்டாக. வெறுங்கையாலேயே பிடுங்கி, விரலெல்லாம் முள்ளேறி வீங்கிக் கிடக்கு.

முந்தின வருஷ நெருக்கத்தில் தீ அணைஞ்சு, அப்பா கேட்ட அந்த ஒரு வருஷத்தில் அந்த அளவைத் தாண்டியிருச்சுன்னு திரையில் வந்துட்டா? அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படி அவுக முன்னாடி உட்கார்ந்து சோறு திங்கிறது? கம்ப்யூட்டருக்கு அவுக நம்ம அப்பான்னு தெரியாதே.

இருந்தாலும் உன் தம்பி லேசுப்பட்டவன் இல்லை. வகுப்பிலேயே முதல் ஆளா புரோகிராமை முடிச்சுட்டேன். என் அறையில் தங்கியிருக்கிற பாளையம்பட்டிச் செல்வம் எட்டிப் பார்த்துட்டு, "ஏலே, எல்லார் காடும் பத்தி எரியுது, உன் காடு மட்டும் பத்த மாட்டேங்குதே. மழை கிழை பேஞ்சிருச்சா?"ன்னான்.

"நம்ம ஊர்ல மழை பேஞ்சா ரேடியோவிலயே சொல்லுவாங்கலே"ன்னேன்.

"அப்புறம் எப்படி அணையுது?"

"திறமைலே, திறமை."

அவன்கிட்ட அப்படித்தான் அளந்தேன். உன்கிட்ட அளக்க முடியலண்ணே. ஊருக்குப் போகவும் இல்லை, அப்பாகிட்ட கேட்கவும் இல்லை. நானாத்தான் ஒரு நம்பரைப் போட்டேன். மரத்தைக் கம்மியா நட்டு வச்சிருக்கேன். எத்தனை தடவை தீ வச்சாலும் கரையோரமே அணைஞ்சிரும். அணைஞ்சதும் மறுபடி வைக்கிறேன். அந்தக் கண்மாய்க்குள்ள யார் போனாலும் வெளியே வந்துருவாங்க.

சனிக்கிழமை ஊருக்கு வாரேன். அப்பாகிட்ட கேட்க வாய் வருமான்னு தெரியல. ஆனா அந்தப் பொய்க்காட்டைச் சார் கையில் கொடுக்க மாட்டேன். அதுக்கு மட்டும் வாக்குத் தாரேன்.

உன் கூடப் பிறந்த பயந்தாங்கொள்ளித் தம்பி,
முருகேசன்