வெட்டி எடுத்த விசில்

நாள் 112, காலை 7.10
சுற்றுக்கலம் சீர். மின்கலம் சீர். கலத்தில் நான் ஒருத்திதான்: மங்கையர்க்கரசி, கணினி நிரலாளர். கீழே செவ்வாய்க் குடிலில் இரண்டு துளைப்பணியாளர்கள், லூர்துமேரியும் பேச்சிமுத்துவும். காற்றைச் சுவாசிப்பவரே காற்றுக்கான நிரலை எழுத வேண்டும், மேலிருந்து யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் குடியிருப்பின் சட்டம். பழைய நிரல் பழுதாகிவிட்டது. இருவருக்கும் நிரல் எழுதத் தெரியாது. பூமியின் பழைய இணையக் காணொளிப் பாடம் ஒன்றை வெட்டி ஒட்டி அனுப்புகிறேன். நடத்துபவர் ஞானசிகாமணி. மனிதர் இறந்து வெகுகாலமாகிறது.

நாள் 115, பகல் 1.30
லூர்துமேரியின் குரல் வந்தது:
"சிகாமணி சார் சூப்பர்க்கா! அப்படியே மண்டையில ஏறுது."
அவர் சார். நான் அக்கா. அவர் உதாரணமாகச் சொல்லும் தோசைக் கணக்கையெல்லாம் உட்கார்ந்து ஆக்சிஜன் கணக்காக மாற்றியவள் நான். செத்த மனிதர் நோகாமல் நுங்கு தின்கிறார். ஆமாம், பொறாமைதான்.

நாள் 119, காலை 9.05
ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நிரலுக்கான பாடம். நிறுத்தும் வரியைத்தான் முதலில் எழுதுகிறார். உடனே சட்டைப்பையிலிருந்து பஸ் கண்டக்டர் விசிலை எடுத்து ஊதி, "நிறுத்தத் தெரியலைன்னா வண்டிய எடுக்காதப்பா!" என்கிறார். வெட்டிவிட்டேன், வரியோடு சேர்த்து. செவ்வாயில் பஸ் ஏது என்று குறிப்பெழுதினேன். உண்மையில், அந்த விசிலுக்கு அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், எனக்குப் பொறுக்காது. அந்த இடத்தில் நானே விளக்கிப் பேசி ஒட்டினேன். நன்றாகவே பேசினேன்.

நாள் 121, மாலை 4.02
கீழே அவர்கள் எழுதிய நிரல் பார்வைக்கு வந்தது. வால்வைத் திற, காற்றை விடு, மறுபடி விடு. நிறுத்தும் வரி இல்லை. ஓடத் தொடங்கினால் வேறு கட்டளையை ஏற்காது. அழுத்தம் தாங்காமல் குடில் வெடிக்கும். உடனே அழைத்தேன்.
"ஓட்டாதீங்க லூர்து! நிறுத்துற வரிய காணோம். பாடத்துல சொன்னேனே?"
"நீங்க பேசுற இடத்த கேக்காம ஓட்டி விட்டுட்டோம்க்கா. கோவிச்சுக்காதீங்க."
"சரி, இப்ப சேருங்க."
"சார் அப்படி ஒண்ணும் எழுதலியே. பேச்சி அண்ணன் வரி மாறாம அவர் எழுதின மாதிரியே எழுதியிருக்காரு. உங்களுக்கு சாரக் கண்டாலே ஆகாதுன்னு எங்களுக்குத் தெரியும்க்கா."
தெரிந்திருக்கிறது. முகமெல்லாம் எரிந்தது. அவர் எழுதினார், நான்தான் வெட்டினேன் என்று சொன்னால் போதும். வாய் வரவில்லை. "இத்தன வருசமா நிரல் எழுதுறவ நான்" என்றேன். "சார் எழுதினதத்தான் ஓட்டப்போறோம்க்கா" என்றாள் லூர்து. பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அதற்குள் கலம் கிரகத்தின் மறுபக்கம் போய்விட்டது. தொடர்பு இல்லை.

மாலை 5.55
திரும்பி வந்துவிட்டேன். அழைக்கிறேன். லூர்து. பேச்சிமுத்து. வெட்டியது நான். நான்தான்.
குடிலின் அழுத்தம் பூஜ்ஜியம்.
பாடக் கருவி மட்டும் இன்னும் இயங்குவதாகத் திரை காட்டுகிறது. சார் பேசி முடித்துவிட்டார். இப்போது என் பகுதி. முழுவதும் ஓடுகிறது. யாரும் ஓட்டி விடவில்லை.