எடையற்ற குடை

முகில் தவழும் மூன்று மலைக்கும் புனல் பாயும் ஆறு கூற்றத்துக்கும் உரிமை பூண்ட முகில்கொடிப் பெருவேந்தர் பொன்முடிச் சேந்தனாரின் வலக்கையாகவும் வாய்மொழியாகவும் விளங்கும் பேரமைச்சர் வல்லங்கிழார் அமரடக்கியார் திருமுன்பு, வடவெல்லை வேங்கைக்கோட்டையில் வான்கலப் படையைத் தாங்கி நிற்கும் தண்டத்தலைவன் ஆலம்பாடி நெடுவேட்டன் பணிந்து விடுக்கும் ஓலை. முகிலூர் நாடு வாழ்க. அதன் ஏரிகள் கரை ததும்புக. அதன் மன்றத்தில் அமர்ந்திருப்போர்க்கு நெடிய ஆயுளும், ஆயுளினும் நெடிய நினைவாற்றலும் வாய்க்க.

தேவரீர் விடுத்த ஆணை ஓலை நான்கு நாட்களுக்கு முன் கோட்டைக்கு வந்தது. எழுந்து நின்று இரு கையாலும் வாங்கினேன். 'முகிலேறி' என்னும் வான்கலத்தின் தலைவன் கோளூர் வயவன், மன்னர்பிரானின் வெண்கொற்றக்குடையைப் பகைநாட்டு மண்ணில் வீசி அரச நிந்தை புரிந்தான் என்றும், ஏழு நாட்களுக்குள் கோட்டை வாயிலில் அவன் தலை கொய்யப்பட வேண்டும் என்றும், அதற்கான கொலை ஓலையில் என் முத்திரை பதிந்து தலைநகர்க்கு அனுப்பப்பட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. முத்திரை பதியும் முன் நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். இவற்றுள் பாதி தேவரீர்க்குத் தெரிந்ததுதான். மறந்திருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் நம் முதல் வான்கலம் தலைநகர்க்கு மேலே ஏறிய காலையில், மன்னர்பிரான் அரண்மனைக் குளக்கரையில் நீராடிக்கொண்டிருந்தார். குடிமகன் ஒருவன் கோமகனின் தலையை மேலிருந்து கீழே நோக்கலாமா என்று அன்றே மன்றம் கூடிற்று. பட்டுப் பையில் அனற்புகை நிரப்பி மனிதர் வானேறிய அருஞ்செயலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தக் கலத்தில் இருந்த ஐவர் கண்ணைப் பிடுங்கலாமா, கட்டினால் போதுமா என்பதைப் பற்றியே மூன்று நாள் பேசினார்கள். கடைசியில் தேவரீர்தாம் வழி கண்டீர். ஒவ்வொரு கலத்திலும் அரசக்குடை ஒன்றை நாட்டிவிட்டால் கலம் அரண்மனையின் முற்றம் ஆகிவிடும், அதில் நிற்போர் குடைநிழலில் நிற்போர் ஆவர், மேல் கீழ் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அருளினீர். மன்றம் மகிழ்ந்தது.

கலம் ஏறுமுன் அதில் ஏறும் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, எடை ஓலையில் எழுதி, தண்டத்தலைவன் முத்திரையிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. மனிதர், மணல்மூட்டை, நீர்க்குடம், எண்ணெய், கட்டுச்சோறு எதுவும் அதற்குத் தப்பாது. எத்தனை மணங்கு ஏறுகிறதோ அதைக் கொண்டே எத்தனை பனை உயரம் கலம் எழும் என்று கணிக்கிறோம். குடையை நிறுக்கப் போனபோது மன்றம் மீண்டும் கூடிற்று. மன்னரின் பெருமையைத் தராசுத் தட்டில் வைப்பதா என்று சினந்தது. அரசக்குடைக்கு எடை இல்லை என்று எழுதுமாறு ஆணை பிறந்தது. குடையைப் பிடிக்கும் கையும் குடையின் பகுதியே என்பதால், குடைக்காவலர் மணிநாவனார்க்கும் எடை இல்லை என்று எழுதப்பட்டது. அவரைக் கண்ணால் கண்டவர் எவரும் அதை நம்பார். நானும் அம்மன்றத்தில் இருந்தேன். என் பதவி என் கண்முன் நின்றது. வாய் திறவாமல் முத்திரையிட்டேன்.

அன்று முதல் எங்கள் கலங்கள் கணித்த உயரத்தை எட்டியதே இல்லை. காற்றின் குற்றம், எண்ணெயின் குற்றம், பட்டின் குற்றம் என்று ஓலை ஓலையாகத் தலைநகர்க்கு எழுதினோம். உண்மை இங்கே அடுப்பூதுவோன் வரை அனைவர்க்கும் தெரியும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று படைவீரர் தம்முள் பேசிச் சிரித்ததைக் கேட்டும் கேளாதவன்போல் நடந்தேன். அவர்களைத் தண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. சேர்ந்து சிரிக்கவும் துணிவில்லை.

சென்ற திங்களில் கருங்கோட்டு நாட்டார் எல்லை மலைகளில் பெருவிற்பொறிகளை நிறுவுவதாகச் செய்தி வந்தது. வண்டி அச்சு நீளமுள்ள தீக்கணையை அப்பொறிகள் வானில் எண்பது பனை உயரம் வரை எறியும் என்று ஒற்றர் கூறினர். அவை எங்கே, எத்தனை என்று மேலிருந்து கண்டுவர வயவனைத் தெரிந்தெடுத்தேன். இந்தக் கோட்டையில் அவனை விஞ்சிய கலத்தலைவன் இல்லை. எடை ஓலைப்படி முகிலேறி தொண்ணூற்றைந்து பனை எழும். மெய்யாக எழுபத்தெட்டைத் தாண்டாது என்பதை அவன் அறிவான். புறப்படும் முன் என் கூடத்துக்கு வந்து, இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் குடையைக் கோட்டையிலேயே விட்டுச்செல்ல விடை தருமாறு கைகூப்பிக் கேட்டான். மறுத்தேன். ஆணை ஆணைதான் என்றேன். அவன் வணங்கிவிட்டுக் கலத்துக்குப் போனான்.

இனி நடந்தது அவன் வாயாலும், குடைக்காவலர் நீங்க மீண்டு வந்த மற்ற மூவர் வாயாலும் தனித்தனியே கேட்டறிந்தது. நண்பகலில் கலம் இரண்டாம் மலையைக் கடக்கையில் கீழிருந்து கணைகள் எழுந்தன. இரண்டே பனை உயரம் குறைந்ததால் ஒரு கணை பட்டுப் பையின் விளிம்பைக் கிழித்தது. கலம் இறங்கத் தொடங்கிற்று. மணல்மூட்டைகளை எறிந்தார்கள். நீர், சோறு, வேல், நங்கூரம் அனைத்தையும் எறிந்தார்கள். போதவில்லை. வயவன் குடைக்காவலர் முன் மண்டியிட்டு, குடையை இறக்க இசைவு கேட்டான். மணிநாவனார் குடைக்காம்பைத் தழுவிக்கொண்டு, கொற்றக்குடை வீழ்ந்தால் கொற்றமே வீழ்ந்ததாகும், அதைத் தொட்டவன் அரசத் துரோகி என்று முழங்கினார். அவர் சொன்னது சட்டம்தான். எனவே ஒருவரும் தொடவில்லை.

சுக்கான் பிடித்திருந்த பரதூர் நெய்தலான் தன் மடியிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்துப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். பிறகு குதித்துவிட்டான். அவனை எவரும் கேட்கவில்லை. கலம் சற்றே நின்று மறுபடியும் தாழ்ந்தது. குடைக்காவலர் நீங்க எஞ்சிய ஐவரும் கயிற்றுத் துண்டுகளை எடுத்துக் குறுந்துண்டு யார்க்கு என்று பார்த்தார்கள். குடைக்காவலர்க்கு எடை இல்லையாதலால் அவரை அதில் சேர்க்க வழியில்லை. குறுந்துண்டு ஏறையனுக்கு வந்தது. ஏறையன் வயவனின் உடன்பிறந்த தம்பி, இருபத்திரண்டு வயதினன். அண்ணனை வணங்கிவிட்டுக் குதித்தான்.

அதன்பின்னும் கலம் தாழ்ந்தது. அப்போதுதான் வயவன் வாளை உருவிக் குடையின் கட்டுகளை அறுத்தான். காம்பும் பொற்கலசமும் கற்பீடமுமாக அனைத்தையும் வெளியே தள்ளினான். கலம் எண்பத்துநான்கு பனைக்கு எழுந்தது. கணைகள் அதன் அடிக்குக் கீழே வளைந்து விழுந்தன. ஐவர் உயிரோடு மீண்டார்கள். அவர்களில் மணிநாவனாரும் ஒருவர்.

அவர்கள் கண்டு வந்ததைத் தேவரீர் கவனத்தோடு கேட்டருள வேண்டும். மூன்று மலைகளில் நாற்பத்திரண்டு பெருவிற்பொறிகள் நிற்கின்றன. அடிவாரத்தில் கருங்கோட்டார் தமக்கென ஆறு வான்கலங்களைத் தைத்து முடித்துவிட்டார்கள். அவற்றில் குடை இல்லை. அந்நாட்டு அரசி தானே களத்தில் நின்று, தன் தலைக்கு மேலே கலத்தை ஏற்றச்சொல்லி, அண்ணாந்து பார்த்து மகிழ்வதாக ஒற்றர் சொல்கின்றனர். கீழே விழுந்த நம் குடையையும் அவர்கள் கண்டெடுத்தார்கள். வெற்றிச் சின்னமாக ஊர்வலம் விடுவார்கள் என்று அஞ்சினோம். அவ்வளவு மதிப்புக்கூட அதற்குக் கிடைக்கவில்லை. பொறி இழுப்போரின் கூழ்ப்பானைக்கு நிழலாக அதை நட்டுவைத்திருக்கிறார்களாம்.

வயவன்மேல் வழக்கிட்டவர் மணிநாவனார். அவர் இன்று பெற்றிருக்கும் மூச்சு, அந்தக் குடை விழுந்ததால் கிடைத்த மூச்சு. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். குழி பறிக்கும் அந்தக் குதிரைக்கு மன்றம் சாமரம் வீசுகிறது. தேவரீர் ஓலையில் குடையின் பெயர் பதினோரு முறை வருகிறது. எண்ணிப் பார்த்தேன். நெய்தலான் பெயரோ ஏறையன் பெயரோ ஒருமுறையும் இல்லை.

இன்று காலை நான் ஒரு காரியம் செய்தேன். அதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொள்க. மற்றொரு கலத்தின் அரசக்குடையைக் கொண்டுவரச் செய்து, கோட்டைக் கடைவீதியில் உப்பு நிறுக்கும் தராசில், படை முழுதும் பார்க்க ஏற்றினேன். ஒன்பது மணங்கு இரண்டு வீசை. குடைக்கு எடை உண்டென்றால், எடை இல்லை என்று எழுதச்சொன்னவர்களும் எழுதியவனும் இரண்டு பேரைக் கொன்றோம். எடை இல்லை என்பதே இன்னமும் மன்றத்தின் முடிவென்றால், வயவன் கலத்திலிருந்து எதையும் எறியவில்லை. இவ்விரண்டில் எதை வேண்டுமானாலும் மன்றம் கொள்ளலாம். இரண்டில் எதைக் கொண்டாலும் வயவன் தலைக்கு வழக்கில்லை.

தேவரீரின் ஆணையை வயவனிடம் நேரில் படித்துக் காட்டினேன். அழுவான், அல்லது சினப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் தலை தாழ்த்தி, தண்டனை தனக்குத் தக்கதே என்றும், தான் அதை மறுக்கவில்லை என்றும் சொன்னான். குற்றத்தை மட்டும் திருத்தி எழுத வேண்டும் என்று கேட்டான். குடையை எறிந்ததற்காகத் தன்னைக் கொல்ல வேண்டாம், அதைக் கடைசியாக எறிந்ததற்காகக் கொல்லுங்கள் என்றான். நெய்தலானுக்கு முன் எறிந்திருக்கலாம், தம்பிக்கு முன் எறிந்திருக்கலாம், இரண்டு முறையும் சட்டத்துக்கு அஞ்சி வாளை உருவவில்லை என்றான். முப்பத்தாறாண்டு போர்க்களம் கண்டவன் நான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்து நின்றேன்.

சாகவும் அவனுக்கு விடை மறுத்துவிட்டேன். இந்த நாட்டில் நாற்பத்திரண்டு பொறிகளின் இடமும் அறிந்த கலத்தலைவன் கண்கள் அவனுடையவை மட்டுமே. அவற்றை மூட அவனுக்கும் உரிமையில்லை, மன்றத்துக்கும் உரிமையில்லை. ஆகையால் இக்கோட்டையில் எனக்கு எஞ்சியிருக்கும் அதிகாரத்தால் இறுதியாக ஆணையிட்டிருக்கிறேன். நம் மூன்று கலங்களிலும் உள்ள குடைகள் இறக்கப்பட்டன. எல்லாம் நிறுத்து மெய்யெடை எழுதப்பட்டது. வயவன் இன்று உச்சிப்பொழுதில் முகிலேறியில் மீண்டும் எல்லைக்கு ஏறினான். கலம் தொண்ணூற்றைந்து பனையில் நிற்கிறது. இதை எழுதும்போதே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மன்றத்துக்கு ஒரு தலை வேண்டும் என்பதை அறிவேன். விடை கேட்டவனுக்கு இல்லை என்றவன் நான். பொய்யெடைக்கு முத்திரையிட்டவனும் நான். இவ்வோலையின் பின்னே இரண்டு நாள் வழித்தொலைவில் நான் நடந்து வருகிறேன். வழியில் பரதூரிலும் கோளூரிலும் நின்று, இரண்டு தாய்மாரிடம் அவர்கள் மக்கள் எதனால் இறந்தார்கள் என்பதைச் சொல்லிவிட்டு வர வேண்டியிருப்பதால் சற்றே தாமதமாகலாம், பொறுத்தருள்க.

கொலை ஓலை முத்திரை இல்லாமல் இத்துடன் திரும்புகிறது. இவ்வோலை என் கையெழுத்து, இது என் முத்திரை, இதன் சொற்கள் அனைத்துக்கும் நானே பொறுப்பு. வேங்கைக்கோட்டையில், குடைகள் இறங்கிய நாளில் எழுதியது. முகிலூர் நாடு வாழ்க.