ரத்தத்தில் இருந்தவள்

மார்ச் 4

டீச்சரம்மாவுக்கு,

பிரிந்து போனவளுக்குக் கடிதம் எழுத என்ன தைரியம் என்று திட்டாதே. உன் ஈரல் கெட்டுவிட்டதாக உன் அண்ணன் டிப்போவுக்கே வந்து சொன்னார். அவருக்குச் சர்க்கரை இருப்பதால் கொடுக்க முடியாதாம். நம் இருவருக்கும் ஒரே ரத்த வகைதானே, நான் பாதி தருகிறேன். ஒரு வண்டியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டே வயதாகிவிட்டது. எனக்குப் பயமில்லை.

உன் மெக்கானிக்

மார்ச் 19

மெக்கானிக் அவர்களுக்கு,

என் ஈரல் கெட்டால்தான் உங்களுக்குக் கடிதம் எழுத வருமா?

இது பஸ் பாகம் மாதிரி இல்லையாம். "கர்ப்பமா இருந்திருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டதும், "குழந்தை இல்லைங்க" என்று அண்ணி முந்திக்கொண்டாள். நானும் தலையாட்டிவிட்டேன். ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிட்டது. நான் சுமந்தவளில் பாதி நீங்களாம். அந்தப் பாதிக்கு எதிராக என் ரத்தம் அப்போதே எதிர்ப்பொருள் உண்டாக்கி வைத்திருக்கிறது. உங்கள் ஈரலை வைத்தால் அதையும் தாக்கலாம். சிறுநீரகத்தைவிட ஈரல் பொறுத்துக்கொள்ளும், ஆனாலும் எனக்கு அளவு மிக அதிகம் என்கிறார். ரத்தத்தைச் சுத்திகரித்து, எதிர்ப்பொருளைக் குறைத்த பிறகு வைக்கலாமாம்.

அவள் வந்து போனதற்கு இது ஒன்றுதான் மிச்சம். இதையும் கழுவிவிட வேண்டுமா? நான் மயக்கத்தில் கிடந்தேன், நீங்கள்தான் புதைக்கத் தூக்கிப் போனீர்கள். அவள் எப்படி இருந்தாள்? ஒரு நாளாவது சொன்னீர்களா?

டீச்சர்

ஏப்ரல் 2

டீச்சரம்மாவுக்கு,

நீ தாங்கமாட்டாய் என்று வாயை மூடிக்கொண்டேன். நீ கிளம்பிப் போனதும் அதனால்தான் என்று தெரியும்.

தலை நிறைய முடி. உன்னைப் போலவே கீழுதடு பிதுங்கி, கோபித்துக்கொண்டவள் மாதிரி இருந்தாள். சுற்றியிருந்த துணி சின்னது, கால் வெளியே வந்துகொண்டே இருந்தது. குளிருமே என்று மூடி மூடி விட்டேன்.

சுத்திகரிக்கச் சொல். அவளை நான் வைத்திருக்கிறேன்.

உன் மெக்கானிக்

ஏப்ரல் 9

என்னங்க,

படித்துப் படித்து அழுதேன். இதைச் சொல்ல இத்தனை வருஷமா என்று கோபமும் வந்தது. டாக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். குணமானதும் நம் வீட்டுக்கே வருகிறேன். க்ரீஸ் கையோடு பாத்திரங்களைத் தொட்டு வைத்திருப்பீர்கள், எல்லாவற்றையும் தேய்த்து வையுங்கள்.

உங்கள் மனைவி

ஜூன் 30

என் கண்ணுக்கு,

நீ கண்மூடிய பிறகு எங்கே அனுப்புவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். எதிர்ப்பொருளைக் குறைத்துத்தான் வைத்தார்கள். ஆனால் அது மறுபடி ஏறிவிட்டது, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. உன் மேல் எனக்கு வருத்தமில்லை. நீ அவளை விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்று எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். "பிரமாதம்! உங்க ஈரல் பழையபடி முழுசா வளர்ந்துடுச்சு" என்றார் டாக்டர். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

உன் மெக்கானிக்