சமையலறைக்குப் போகும் சிவப்புக் கம்பி

ரேடியோ வைத்தியருக்கு,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க. நாலு மணிக்கு நீங்க வரச்சொன்ன தச்சர் வருவார். அவரைத் திருப்பி அனுப்பிடுங்க. காரணம் கீழே.

உங்க வீட்டுப் பழைய மர ரேடியோவுல யாரோ அரைகுறை மெக்கானிக் துளை போட்டுக் கெடுத்துட்டான், அதை அடைச்சுப் பழையபடி ஆக்கியே தீருவேன்னு நேத்து குதிச்சீங்க. எனக்கு இதெல்லாம் புரியாதுன்னு வேற சொன்னீங்க.

நீங்க வேலைக்குக் கிளம்பினதும் பின்பலகையைக் கழட்டினேன். துளை வழியா வெளியே வர்ற சிவப்புக் கம்பியில ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருக்கு. 'சமையலறைக்கு'ன்னு எழுதியிருக்கு. கையெழுத்து உங்கம்மாவோடது.

போன் பண்ணிக் கேட்டேன். "நானேதான் துளை போட்டேன். நாள் முழுக்க அடுப்படியில நிக்கிறது நான், பாட்டு மட்டும் ஹால்ல உக்காந்திருக்கிற உன் மாமனாருக்கா?"ன்னாங்க.

அந்தக் கம்பியை அடுப்படி வரைக்கும் இழுத்து, பரண்ல கிடந்த சின்ன ஸ்பீக்கரை அதுல சேர்த்தேன். ஜோராப் பாடுது. உங்க சாப்பாட்டைப் பாட்டு கேட்டுக்கிட்டேதான் செஞ்சேன். உப்பு ரெண்டு தடவை விழுந்திருந்தா அதுதான் காரணம்.

என் சாவியை எடுத்துக்கிட்டுப் போறேன். ஆறு மணிக்குள்ள வந்துடுவேன், வீட்டுலயே இருங்க.

பி.கு: அஞ்சு மணிக்கு உங்கம்மா வர்றாங்க. துளையை அடைச்சே ஆகணும்னா அவங்ககிட்டயே சொல்லிக்குங்க.

இன்னொண்ணு: அந்தத் துளையைப் போட்ட கை டிரில்லையும் கொண்டு வர்றாங்க. படுக்கையறைக்கும் ஒரு கம்பி இழுக்கணும்னு நான்தான் கேட்டேன். ஸ்பீக்கர் கட்டில்ல உங்க பக்கம்தான்.